தாய் மடி போதுமா? குழந்தையுடன் வண்டியில் போகிறவர்கள் அறிய வேண்டிய சட்டம்

அறந்தாங்கி பஸ் நிலையம் பக்கம் ஒரு முகூர்த்த நாள் காலையில் சிறிது நேரம் நின்று பாருங்கள்.

ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது. கணவர் ஓட்டுகிறார். பின்னால் மனைவி. இருவருக்கும் நடுவில் ஒரு குழந்தை. முன்னால் பெட்ரோல் டாங்கின் மேல் இன்னொரு குழந்தை! அது தன் பிஞ்சுக் கைகளால் ஹாண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி வருகிறது.

அடுத்து ஒரு கார். டிரைவருக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள். மடியில் கைக்குழந்தை.

ஆவுடையார்கோவிலுக்குப் போகிறவர்களும், மணமேல்குடி, புதுக்கோட்டை பக்கம் கல்யாணத்துக்குப் போகிறவர்களும் இப்படித்தான் போகிறார்கள். பெரியவர்கள் தலையில் ஹெல்மெட் இருக்கிறது. குழந்தைக்கு ஒன்றும் இல்லை.

"ஏங்க, பிள்ளையைப் பார்த்து ஓட்டுங்க" என்பாள் மனைவி.

"நீதான் பிடிச்சிருக்கியே, பிறகென்ன பயம்?" என்பான் கணவன்.

அந்தத் தாயின் அன்பில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அன்பு வேறு, கையின் பலம் வேறு.

20 அடி உயரம்!

40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு மரத்தில் மோதுகிறது. வண்டி நின்றுவிடும். ஆனால் கட்டப்படாத குழந்தை நிற்காது. அதே வேகத்தில் முன்னால் பாயும்.

அந்த வேகம் எவ்வளவு தெரியுமா? 20 அடி உயரத்திலிருந்து கீழே விழும் பொருள், தரையைத் தொடும்போது என்ன வேகத்தில் வருமோ, அந்த வேகம். 60 கிலோமீட்டர் என்றால், ஏறத்தாழ 46 அடி. நல்ல தென்னை மரத்தின் உயரம்!

தென்னை மரத்து உச்சியிலிருந்து விழும் குழந்தையைக் கீழே நின்று கையால் ஏந்திவிட முடியுமா?

40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றால், 10 கிலோ எடையுள்ள குழந்தை, தாயின் கையில் 100 கிலோவுக்கு மேல் கனக்கும். எந்தத் தாயாலும் அதைத் தாங்க முடியாது.

அமெரிக்காவில் நடந்தது

இந்த உண்மையை உலகம் ஒரே நாளில் ஒப்புக்கொள்ளவில்லை.

அமெரிக்காவில் டென்னசி என்று ஒரு மாநிலம். அங்கே ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை வைத்தியர் இருந்தார். காரில் குழந்தைகளுக்குத் தனி இருக்கை வேண்டும் என்று அவர் விடாமல் வாதாடினார். 1977-இல் சட்டம் நிறைவேறியது. 1978 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. அமெரிக்காவில் இப்படி ஒரு சட்டம் செய்த முதல் மாநிலம் அதுதான்.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. குழந்தையைப் பெரியவர் கையில் வைத்திருந்தால் இருக்கை தேவையில்லை என்று விலக்கு அளித்துவிட்டார்கள். கையில் இருக்கும் குழந்தை, மோதும்போது பெரியவரின் உடம்புக்கும் காரின் முன்பலகைக்கும் இடையில் சிக்கி நசுங்கும் என்று டாக்டர் எச்சரித்தார். 1981-இல் அந்த விலக்கு நீக்கப்பட்டது. 1985-க்குள் அமெரிக்க மாநிலங்கள் எல்லாவற்றிலும் குழந்தை இருக்கைச் சட்டம் வந்துவிட்டது.

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டது. அப்போது 194-பி என்ற புதுப் பிரிவு சேர்ந்தது. 2019 செப்டம்பர் 1 முதல் அது அமலில் இருக்கிறது.

அது சொல்வது இதுதான்: 14 வயது நிரம்பாத குழந்தை வண்டியில் இருந்தால், அந்தக் குழந்தைக்கு சீட் பெல்ட் போட்டிருக்க வேண்டும், அல்லது குழந்தைகளுக்கான தனி இருக்கையில் வார் பூட்டி உட்கார வைத்திருக்க வேண்டும். தவறினால் அபராதம் 1,000 ரூபாய்.

அபராதம் யாருக்கு? ஓட்டுகிறவருக்கு மட்டும் அல்ல. அப்படி ஓட்டச் சொன்னவருக்கும், ஓட்ட அனுமதித்தவருக்கும் பொறுப்பு உண்டு. "டிரைவர் பார்த்துக்கொள்வார்" என்று தகப்பனார் ஒதுங்கிவிட முடியாது!

பின் இருக்கையில் இருந்தால் பயமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி மகாராஷ்டிராவில் பால்கர் மாவட்டத்தில் நடந்த கார் விபத்தில், தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தார். அவர் பின் இருக்கையில் இருந்தார். பெல்ட் அணியவில்லை என்று போலீசார் தெரிவித்தார்கள்.

எந்தக் குழந்தைக்கு எந்த இருக்கை?

கைக்குழந்தைக்குத் தலை கனம், கழுத்து மெலிவு. ஆகவே அதன் இருக்கை காரின் பின்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். மோதும்போது அதிர்ச்சியை முதுகு முழுவதும் தாங்கிக்கொள்ளும். ஆனால் காற்றுப்பை உள்ள முன் சீட்டில் அதை வைக்கவே கூடாது. பை வெடித்து விரியும் வேகம் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

கொஞ்சம் வளர்ந்ததும், முன்பக்கம் பார்த்து, வார் பூட்டிய இருக்கை. பிறகு சீட்டை உயர்த்திக் கொடுக்கும் மணை போன்ற இருக்கை. அது எதற்கு? பெல்ட் கழுத்தையும் வயிற்றையும் அறுக்காமல், தோளிலும் இடுப்பிலும் படிவதற்காக.

சிங்கப்பூரில் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ளவர்கள் காரில் இத்தகைய இருக்கை இல்லாமல் போகக் கூடாது என்பது விதி. டாக்சிக்கு மட்டும் விலக்கு உண்டு. மலேசியாவிலும் 2020 ஜனவரி முதல் குழந்தை இருக்கை கட்டாயம் ஆயிற்று.

மோட்டார் சைக்கிளில்?

கார் இல்லாதவர்கள்தான் நம்மில் அதிகம். அவர்களுக்கும் விதி உண்டு. 2022 பிப்ரவரி 15-இல் மத்திய அரசு அதை வெளியிட்டது. ஓர் ஆண்டு கழித்து அமலுக்கு வரும் என்று அறிவித்தது.

9 மாதம் முதல் 4 வயது வரை உள்ள குழந்தையை மோட்டார் சைக்கிளில் ஏற்றினால், மூன்று காரியம் செய்ய வேண்டும்.

ஒன்று: குழந்தைக்குச் சட்டை போல ஒரு பாதுகாப்பு வார் மாட்ட வேண்டும். அதன் பட்டைகளை ஓட்டுகிறவர் தம் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். 30 கிலோ வரை தாங்கும்படி அது இருக்க வேண்டும்.

இரண்டு: குழந்தையின் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் போட வேண்டும். அப்பாவின் பழைய ஹெல்மெட் உதவாது.

மூன்று: 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது.

4 வயதைத் தாண்டிய பிள்ளைக்குப் பெரியவர்களைப் போலவே ஹெல்மெட் கட்டாயம்.

மூவர் போகலாமா?

இங்கேதான் சங்கடம். ஓட்டுகிறவரைத் தவிர ஒருவர்தான் ஏறலாம் என்பது சட்டம். கணவன், மனைவி, குழந்தை என்றால் மூன்று பேர் ஆகிவிடுகிறதே!

இந்தக் கேள்வி 2023-இல் கேரளாவில் பெரிதாக எழுந்தது. சாலையில் காமிராக்கள் வந்தன. குழந்தையை மூன்றாவது ஆளாகக் கணக்கிட வேண்டாம் என்று மத்திய அரசிடம் கேட்டார்கள். சட்டத்தில் இடமில்லை என்று பதில் வந்தது.

ஏழைக் குடும்பத்துக்கு இது கஷ்டம்தான். இரண்டு வண்டி வாங்க எல்லோராலும் முடியுமா? கார் இருக்கையும் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. ஆனால் மோட்டார் சைக்கிள் வார் அதைவிட மிகவும் மலிவு. குடும்பத்தோடு போகும் நாளில் பஸ் இருக்கிறது. அரசு பஸ்ஸில் 5 வயது வரை குழந்தைக்கு டிக்கெட் இல்லை என்று தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. 9 மாதம் ஆகாத சிசுவுக்கு மோட்டார் சைக்கிள் வேண்டவே வேண்டாம்.

போலீஸ்காரரைக் கண்டதும் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டுகிறவர்கள் உண்டு. அபராதம் 1,000 ரூபாயை இன்னொரு மாதம் சம்பாதித்துவிடலாம். குழந்தையை?

அடுத்த முறை வண்டியைக் கிளப்புவதற்கு முன், ஒரு நிமிஷம் பின்னால் திரும்பிப் பாருங்கள். பை கட்டியாயிற்று. பழக்கூடை கட்டியாயிற்று. குழந்தையைக் கட்டியாயிற்றா?