கப்பலேறும் முன்னே

சோழரின் காவிரிப்பூம்பட்டினத்தில், கடலிலிருந்து கரைக்கு வந்த பொருளும் கரையிலிருந்து கடலுக்குச் சென்ற பொருளும் புலி இலச்சினை பொறிக்கப்பெற்ற பின்னரே துறையைக் கடந்தன என்பதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. இன்று பொருளுக்கு மட்டுமன்று. அயல்நாட்டுத் துறைமுகத்தில் இறங்கும் ஒவ்வொருவர்க்கும் ஓர் இலச்சினை வேண்டியிருக்கிறது. அவ்விலச்சினை தாளை விட்டு நீங்கி மின்னணுப் பதிவாக மாறிவருகிறது. அதனைப் பெறும் முறையையும், அம்முறையில் தமிழர் பெயர்கள் எதிர்கொள்ளும் இடர்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கடவுச்சீட்டும் நுழைவிசைவும்

அயல்நாடு செல்வோர்க்கு இரண்டு இசைவுகள் தேவை. ஒன்று, ‘இவர் எம் நாட்டவர்’ எனத் தம் நாட்டு அரசு வழங்கும் கடவுச்சீட்டு. மற்றொன்று, ‘இவர் எம் நாட்டிற்கு வரலாம்’ எனச் செல்லும் நாட்டு அரசு வழங்கும் நுழைவிசைவு. இதனையே பேச்சு வழக்கில் விசா என்கிறோம். முன்னதைப் பெற்றவர் பலரும் பின்னதும் தாமாகவே கிடைத்துவிடும் எனக் கருதிவிடுகின்றனர். இரண்டும் வேறு வேறு அரசுகள் தருபவை என்பதை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும்.

முதல் உலகப்போருக்குப் பின்னர், 1920ஆம் ஆண்டு பாரிசில் கூடிய நாடுகள் சங்கத்தின் மாநாடு, கடவுச்சீட்டு 32 பக்கங்கள் கொண்ட சிறு நூலாக அமையவேண்டும் எனப் பரிந்துரைத்தது. நுழைவிசைவு அந்நூலின் பக்கங்களில் முத்திரையாகவும் ஒட்டுத்தாளாகவும் இடம்பெற்றது. அதற்காகத் தூதரக வாயிலில் காத்திருப்பது நெடுங்கால வழக்கமாயிற்று. 1996இல் ஆஸ்திரேலியா மின்னணுப் பயண இசைவை அறிமுகப்படுத்தி இவ்வழக்கத்தை மாற்றத் தொடங்கியது. இலங்கை 2012 சனவரி முதல் நாளிலிருந்து மின்னணுப் பயண இசைவைக் கொண்டுவந்தது. இந்தியா 2014 நவம்பர் 27 அன்று 43 நாட்டவர்க்கு, ஒன்பது வானூர்தி நிலையங்களில், மின்னணு வழியிலான சுற்றுலா இசைவைத் தொடங்கியது. பின்னர் மும்பை, கோவா, மங்களூரு, கொச்சி, சென்னை ஆகிய துறைமுகங்களும் இத்திட்டத்தில் சேர்ந்தன. இதனால் சுற்றுலாக் கப்பலில் சென்னைக்கு வரும் அயல்நாட்டவர் தம் வீட்டிலிருந்தே இசைவு பெற்றுக் கரையிறங்க முடிகிறது.

செயற்படும் முறை

இந்தியா வழங்கும் மின்னணு நுழைவிசைவையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். விண்ணப்பிப்பவர் அரசின் இணையத்தளத்தில் படிவத்தை நிரப்புகிறார், வெண்ணிறப் பின்னணியில் எடுத்த தம் முகப்படத்தையும், கடவுச்சீட்டில் தம் விவரங்கள் உள்ள பக்கத்தின் படியையும் பதிவேற்றுகிறார், கட்டணம் செலுத்துகிறார். சரிபார்த்தபின் இசைவு மின்னஞ்சலில் வந்து சேர்கிறது. 30 நாள் சுற்றுலா இசைவுக்கு, வந்திறங்கும் நாளுக்குக் குறைந்தது நான்கு நாள்களுக்கு முன்னரேனும் விண்ணப்பித்திருக்க வேண்டும். கடவுச்சீட்டு மேலும் ஆறு மாதங்களுக்குச் செல்லத்தக்கதாகவும் இருத்தல் வேண்டும். குழந்தைக்கும் தனி இசைவு உண்டு. பெற்றோரின் இசைவில் சேர்த்துக்கொள்ள இயலாது.

ஒட்டுத்தாள் இல்லையெனில் கப்பல் அலுவலர் எதைக் கொண்டு சரிபார்ப்பார்? இசைவு என்பது உண்மையில் அரசின் கணினியில் உள்ள ஒரு பதிவு. நம் கையில் உள்ள அச்சுப்படி அப்பதிவின் நிழலேயாகும். பதிவு கடவுச்சீட்டின் எண்ணோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. ஆதலால், இசைவு பெற்றபின் பழைய கடவுச்சீட்டைப் புதுப்பித்து, புதிய எண்ணோடு துறைமுகம் செல்பவரைக் கணினி அறியாது. அந்நாட்டின் விதியைப் பார்த்து, அவர் விவரத்தைத் திருத்தவோ மீண்டும் விண்ணப்பிக்கவோ வேண்டும்.

இங்கு மற்றொன்றையும் கூறவேண்டும். மின்னணு இசைவு கிடைத்துவிட்டாலே உள்ளே நுழையும் உரிமை உறுதியாகிவிட்டது எனப் பொருளன்று. துறையில் நிற்கும் குடிநுழைவு அலுவலரே இறுதி முடிவு செய்பவர். சிங்கப்பூர், மலேசியத் தமிழர் வழங்கும் ‘குடிநுழைவு’ என்னும் சொல் நமக்கும் ஏற்றதாகையால் இக்கட்டுரையில் அதனையே ஆள்கிறோம்.

கப்பல் வழியின் கணக்கு

வானூர்தியில் செல்பவர் பெரும்பாலும் ஒரு நாட்டிற்குச் சென்று திரும்புகிறார். சுற்றுலாக் கப்பலோ ஒரே வாரத்தில் மூன்று நாடுகளைத் தொட்டுவிடும். ஆகவே கப்பற்பயணத்தில் முதலில் போடவேண்டிய கணக்கு, எந்த நாட்டிற்குள் எத்தனை முறை நுழைகிறோம் என்பதாகும்.

1926இல் கட்டப்பட்ட ரஜூலா என்னும் கப்பல், சென்னைக்கும் நாகப்பட்டினத்திற்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பல்லாண்டுகள் தமிழரை ஏற்றிச் சென்றது. அதே கடலில் இன்று சுற்றுலாக் கப்பல்கள் உலவுகின்றன. கயல்விழி என்னும் மாணவியின் குடும்பம் சென்னையிலிருந்து வானூர்தியில் சிங்கப்பூர் சென்று, அங்கே கப்பலேறி, மலேசியாவின் பினாங்கையும் தாய்லாந்தின் புக்கெட்டையும் கண்டு, மீண்டும் சிங்கப்பூரில் இறங்கி ஊர் திரும்பத் திட்டமிடுவதாகக் கொள்வோம். இந்தியர் சிங்கப்பூருக்குள் நுழைய இசைவு பெறவேண்டும். அது மின்னணு வடிவில் வழங்கப்படுகிறது. இக்குடும்பம் சிங்கப்பூருக்குள் எத்தனை முறை நுழைகிறது? ஒருமுறை எனப் பலர் விடை கூறுவர். சரியான விடை இருமுறை. வானூர்தியிலிருந்து இறங்குவது முதல் நுழைவு. கப்பலேறியதும் அவர்கள் சிங்கப்பூரை விட்டு வெளியேறிவிட்டவர்கள். ஆறு நாள் கழித்து அதே துறையில் இறங்கினாலும் அது புதிய நுழைவே. ஒருமுறை நுழைவுக்கு மட்டும் இசைவு பெற்றிருந்தால், பயணத்தின் கடைசிக் காலையில், ஊர் திரும்பும் வானூர்தி காத்திருக்க, அவர்கள் கப்பலிலேயே நிற்க நேரிடும். பெரும்பாலும் அதற்கு முன்னரே, கப்பலேறும் வாயிலிலேயே தடுக்கப்படுவர். உரிய இசைவில்லாதவரை அழைத்து வந்த நிறுவனமே அவரைத் திருப்பி அழைத்துச் செல்லவும், பல நாடுகளில் தண்டம் செலுத்தவும் வேண்டியிருப்பதால், கப்பல் நிறுவனங்கள் இதில் சிறிதும் நெகிழ்வு காட்டுவதில்லை.

இசைவு தேவையில்லாத நாடுகளிலும் ஒரு படிவம் காத்திருக்கிறது. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியச் சுற்றுலாப் பயணியர்க்கு 30 நாள்கள் வரை நுழைவிசைவிலிருந்து விலக்கு அளித்தது. எனினும் மின்னணு வருகை அட்டையை நிரப்பச் சொல்கிறது. சிங்கப்பூரும் அத்தகைய அட்டை ஒன்றைக் கேட்கிறது. வருகை அட்டை வேறு, நுழைவிசைவு வேறு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. மேலும், கப்பலில் வந்து பகற்பொழுதில் ஊர் சுற்றி இரவில் கப்பலுக்குத் திரும்புவோர்க்குச் சில நாடுகள் சலுகை தருகின்றன, சில தருவதில்லை. இவ்விதிகள் அடிக்கடி மாறுபவை. சென்ற ஆண்டு சென்று வந்த உறவினர் சொல்லைக் கேட்டு முடிவெடுப்பதினும், புறப்படும் மாதத்தில் அந்நாட்டு அரசுத் தளத்தைப் பார்ப்பதே தக்கது.

பெயர் படும் பாடு

படிவத்தை முன்பு எழுத்தர் ஒருவர் வாங்கிப் பார்த்தார்; பிழையிருந்தால் சுட்டிக்காட்டினார். இப்போது அவ்வெழுத்தரின் பணியும் நம்முடையதாகிவிட்டது. கடவுச்சீட்டு விவரப் பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள் உள்ளன. வரிக்கு 44 இடங்கள். பன்னாட்டு வான்பயண அமைப்பு வகுத்த விதிப்படி இயந்திரம் படிப்பதற்காக அச்சிடப்பட்டவை அவை. நாம் தட்டச்சிடும் பெயர் அவ்வரியிலுள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும்.

கயல்விழி என்னும் பெயரில் உள்ள ழகரத்தைச் சிலர் ஆங்கிலத்தில் இசட், எச் என்னும் இரண்டு எழுத்துகளால் எழுதுவர். சிலர் எல் என்னும் ஓரெழுத்தால் எழுதுவர். படிக்கும் தமிழர்க்கு இரண்டும் ஒருவரே. இயந்திரத்திற்கோ அவர்கள் இருவேறு மனிதர்கள். செந்தில் என்பதில் தகரத்திற்குப்பின் எச் சேர்ப்பதும் விடுவதும், இலக்குமியை எழுதும் பல வகைகளும் இத்தகையனவே. பயணச்சீட்டில் ஒரு வகையும் நுழைவிசைவில் மற்றொரு வகையும் இருந்தால் வாயிலில் விளக்கம் கூறிக்கொண்டிருக்க நேரமிராது. கப்பல்கள் துறைமுகத்திற்குத் தரவேண்டிய ஆவணங்களை 1965ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கடல்வழிப் போக்குவரத்து எளிமையாக்க உடன்படிக்கை வரையறுத்துள்ளது. அவற்றுள் பயணியர் பட்டியலும் ஒன்று. 2019 ஏப்ரல் முதல் இவ்விவரங்கள் மின்னணு வழியில் அனுப்பப்பட வேண்டும் என்பது விதி. கப்பல் துறையை அடையும் முன்னரே நம் பெயர் அங்கே சென்றுவிடுகிறது.

தெரிந்து தெளிவோம்

கடவுச்சீட்டின் இரண்டாம் வரியில் சில எண்களை அடுத்து ஒரு சரிபார்ப்பு இலக்கம் இருக்கும். எண்களை வரிசையாக 7, 3, 1 ஆகியவற்றால் மாறிமாறிப் பெருக்கிக் கூட்டி, 10ஆல் வகுத்து வரும் மீதியே அது. பிறந்த நாள் 2008 சனவரி 15 எனில் அது 080115 என அச்சாகும். 0, 24, 0, 7, 3, 5 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 39; மீதி 9. ஆகவே 9 என்பதே சரிபார்ப்பு இலக்கம். எண்ணில் நேரும் பிழையை இவ்வாறு இயந்திரம் கண்டுகொள்ளும். பெயருக்கு இத்தகைய காவல் இல்லை.

இதனினும் பெரிய இடர் குடும்பப்பெயர் பற்றியது. தமிழர் பலர்க்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னெழுத்தாக நிற்கிறது. இன்று தாய் பெயரின் முதலெழுத்தும் சேர்கிறது. சாதிப்பெயரைப் பெயரின் பின்னொட்டாகக் கொள்வதைத் தமிழர் பெரும்பாலோர் விட்டொழித்தது சமூக வரலாற்றில் குறிப்பிடத்தக்க மாற்றமாகும். ஆனால் உலகப் படிவங்கள் குடும்பப்பெயர், இடுபெயர் என இரண்டு கட்டங்களை வைத்துக்கொண்டு, முதற்கட்டத்தை வெறுமையாக விட மறுக்கின்றன. நம் கடவுச்சீட்டில் முன்னெழுத்தை அப்படியே எழுத இயலாது, விரித்தெழுத வேண்டும். குடும்பப்பெயர்க் கட்டத்தை வெறுமையாக விடலாம். அவ்வாறு விட்டவர்க்கு அமெரிக்கா வழங்கும் நுழைவிசைவில், இடுபெயர் குடும்பப்பெயரின் இடத்திற்குச் சென்றுவிட, இடுபெயரின் இடத்தில் ‘முதற்பெயர் அறியப்படவில்லை’ எனப் பொருள்படும் மூன்றெழுத்துக் குறி அச்சாகிறது. பெற்றோர் சூட்டிய ஒரே பெயரைக் கையில் வைத்துக்கொண்டே அறியப்படவில்லை என்பது வேடிக்கைதான். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப்பெயர் மட்டும் உடையோர்க்குச் சுற்றுலா இசைவு இல்லை என அறிவித்தது. கடவுச்சீட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருப்பின் ஏற்கப்படும் எனப் பின்னர்த் தெளிவுபடுத்தியது. துபாயிலிருந்து சுற்றுலாக் கப்பல்கள் புறப்படுவதால் இது கப்பற்பயணியரையும் தொட்ட செய்தியாகும்.

குறை நம் பெயரிடும் மரபில் இல்லை. ஒரு மரபை மட்டும் அறிந்து வகுக்கப்பட்ட படிவத்தில் இருக்கிறது. எனினும் படிவம் மாறும்வரை, கடவுச்சீட்டு பெறும்போதே தந்தை அல்லது தாயின் பெயரை எந்தக் கட்டத்தில் இடுவது எனக் குடும்பத்தினர் கலந்து முடிவு செய்வதும், பின்னர் எல்லா ஆவணங்களிலும் அதனையே பின்பற்றுவதும் இன்றியமையாதவை.

போலித் தளங்கள்

தேடுபொறியில் முதலில் தோன்றும் தளம் அரசின் தளமாகத்தான் இருக்கும் என்பதில்லை. அரசுத் தளத்தைப் போலவே வண்ணமும் சின்னமும் கொண்டு, பன்மடங்கு கட்டணம் பெறும் தளங்கள் உள்ளன. சிங்கப்பூர் வருகை அட்டையைக் கட்டணமின்றியே நிரப்பலாம். அதற்கும் பணம் பெறுவோர் உளர். பணத்தினும் கவலைக்குரியது, கடவுச்சீட்டின் படி அறியாதவர் கைக்குச் செல்வதாகும். இந்திய அரசின் தள முகவரி ‘கவ் டாட் இன்’ என முடியும். பிற நாடுகளின் முகவரியை அந்நாட்டுத் தூதரகத் தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இசைவைத் தாளில் அச்சிட்டு இரண்டு படிகள் வைத்துக்கொள்வது நல்லது. சில கப்பல்களில் ஏறியவுடன் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வர். ஆகையால் அதன் படியும் கையில் இருக்கட்டும். நடுக்கடலில் இணையம் எளிதில் கிட்டாது. விட்டுப்போன படிவத்தைக் கப்பலில் சென்று நிரப்பிக்கொள்ளலாம் என எண்ணுவது இடர் தரும்.

கடவுச்சீட்டில் உள்ள பெயருக்கும் பிறந்த நாளுக்கும் பலர் காட்டும் சான்று பத்தாம் வகுப்புச் சான்றிதழே. பொதுத்தேர்வுக்கு முன்னர்ப் பள்ளியில் பெயர்ப்பட்டியல் சரிபார்க்கக் கொடுக்கப்படும். தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் இருக்கும். தமிழ்ப்பெயரை மட்டும் பார்த்துவிட்டுக் கையொப்பமிடும் மாணவர்களே மிகுதி. கயல்விழியின் ழகரம் ஓரெழுத்தா, ஈரெழுத்தா என்பது அன்றே, அந்தப் பட்டியலிலேயே, முடிவாகிவிடுகிறது.