மலைக்காற்றும் பந்தும்

கோவில்பட்டி, வளைகோல் பந்தாட்டத்திற்குப் பெயர்பெற்ற ஊர். கரிசல் மண் திடலில் ஆடிப் பழகியவரின் கண் தரைமீதே இருக்கும். மலைமேல் ஆடப்படும் கோல்ஃப் எனும் குழிப்பந்தாட்டத்திலோ தரைக்கு முன்பே காற்றைக் கணக்கிட வேண்டும்.

1895ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கொடைக்கானல் கோல்ஃப் கழகத்தின் திடல், கடல்மட்டத்திற்கு மேல் 2,000 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் உள்ளது. அங்குக் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தடை குறைவதால், சமவெளியில் 150 மீட்டர் செல்லும் அடி அங்கு 165 மீட்டர் வரை செல்லக்கூடும். இயற்பியல் பாடத்தில் நாம் படிக்கும் காற்றுத்தடை இங்கே ஆட்டப்புள்ளியாக மாறிவிடுகிறது! பழகிய கோலையே எடுப்பவரின் பந்து, குழியுள்ள புல்தரையைத் தாண்டிச் சரிவில் மறையும்; ஓர் அடி வீணாகும்.

இதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. சுழலும் பந்தைத் தாங்கி உயர்த்துவதும் காற்றே. அது மெலிந்திருப்பதால் பந்து தாழப் பறந்து, சாய்வாக இறங்கி, நெடுந்தொலைவு உருளும். ஆதலால் தேர்ந்த ஆட்டக்காரர் தொலைவு குறைந்த கோலைத் தேர்ந்து, புல்தரைக்குச் சற்று முன்பே பந்தை இறக்குவார். குழி மேட்டில் இருந்தாலோ, காலைக் குளிரில் பந்தின் மீள்திறன் குன்றினாலோ இக்கணக்கு மாறும்.

இறுதி அடியில் கண்ணே ஏமாற்றும். சுற்றிலும் பெருஞ்சரிவு தெரிவதால் சிறு சாய்வு சமதளமாகத் தோன்றும். எனவே குழியைச் சுற்றி நடந்து, எதிர்ப்புறத்திலிருந்தும் நோக்கிய பின்னரே பந்தை உருட்டுவர்.