கொழுப்பை அளக்க ஒரு துண்டு நூல் போதும், தெரியுமா?

சபரகமுவத் தோட்டங்களில் நிறுவைக்குப் பஞ்சமே இல்லை. எட்டியாந்தோட்டையிலும் இறக்குவானையிலும் கொழுந்து ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை தராசு ஏறுகிறது. ஆனால் அந்தக் கொழுந்தைப் பறித்தவரின் உடம்பில் எவ்வளவு கொழுப்பு என்று எந்தத் தராசும் சொல்லாது, தெரியுமா?

புனே வைத்தியர் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டன் வைத்தியர் ஜோன் யுட்கின் இருவருக்கும், உயரத்துக்கு எவ்வளவு நிறை என்று காட்டும் உடல் நிறைச் சுட்டி ஒன்றே: 22.3. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2! 2004இல் 'லான்செட்' சஞ்சிகையில் தங்கள் படத்தையே போட்டு உலகத்துக்குக் காட்டினார்கள்.

இந்தக் கொழுப்பு வித்தியாசம் கருவிலேயே தொடங்குகிறது என்றால் நம்புவீர்களா? புனேயை அடுத்த ஆறு கிராமங்களில் பிறந்த குழந்தைகள் சராசரியாக 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்ஹாம்டன் குழந்தைகள் 3.5 கிலோ. தசை சிறுத்திருந்தது, வயிறு சிறுத்திருந்தது; தோள்பட்டை எலும்புக்குக் கீழே தோலைக் கிள்ளி இடுக்கியால் அளந்தபோது கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை!

நம் தோட்டங்களுக்கு இது பெரிய விஷயம். 2016ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுக்க 17 சதவீதம், தோட்டப்புறத்தில் 32. உயரம் குறைந்து வளர்ந்தவருக்குப் பொது அளவுகோல் பொருந்துமா? தெற்காசியப் பெண்ணுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டர் வரை போகலாம் என்கிறார்கள். 150 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு அக்காவுக்கு இடுப்பு 78 என்றால் அந்தக் கணக்கில் தப்பிவிடுவார்.

நூல் அவரைத் தப்பவிடாது! உச்சியிலிருந்து பாதம் வரை அளந்து வெட்டி, சரிபாதியாக மடியுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் சுற்றுங்கள். முனைகள் தொட்டால் நல்லது. அக்காவின் நூல் 75 சென்டிமீட்டர்தான், முனைகள் எட்டாது. கர்ப்பிணிகளுக்கு மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.

சதவீதமே வேண்டுமா? 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சூத்திரத்துக்கு அளவுநாடா போதும். உயரத்தை இடுப்பளவால் வகுத்து 20ஆல் பெருக்குங்கள். பெண்ணானால் 76இலிருந்தும் ஆணானால் 64இலிருந்தும் கழியுங்கள். நம் அக்காவுக்கு ஏறக்குறைய 37.5 சதவீதம்! அமெரிக்கர்களை அளந்து எழுதிய சூத்திரம் என்பதால் இதை உத்தேசமாகவே கொள்ள வேண்டும்.

துல்லியமாக அறிய, கன ஐதரசன் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, சில மணி நேரம் கழித்து எச்சிலைச் சோதிப்பார்கள். கொழுப்பற்ற உடம்பில் சுமார் 73 சதவீதம் தண்ணீர், கொழுப்பில் தண்ணீரே இல்லை. மொத்தத் தண்ணீர் தெரிந்தால் மீதி கணக்குத்தான். கொழும்புப் பிள்ளைகளை இப்படியும் அளந்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு ஆய்வுகூடம் வேண்டும்.

நூல் எட்டாதவர்கள் பயந்துபோய்ப் பட்டினி கிடக்காதீர்கள். அரசாங்க வைத்தியசாலைக்குப் போய் இரத்தத்தில் சீனியையும் பிரஷரையும் பாருங்கள். காசு கேட்க மாட்டார்கள்.