உதட்டுக்கடியில் ஒளிந்திருக்கும் புகையிலை

டீத்தூள் பையைப் போலவே இருக்கும், ஆனால் விரல் நுனியளவுதான். கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொண்டால் புகை வராது, துப்பவும் வேண்டாம். புதினா வாசம்தான் வரும். வகுப்பில் ஆசிரியருக்கு எதிரிலேயே பையன் உட்கார்ந்திருப்பான், அவருக்குத் தெரியாது. தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் 'கூல் லிப்' என்று சொல்வது இதைத்தான். உள்ளே இருப்பது சாட்சாத் புகையிலை.

அதிலுள்ள நிக்கோட்டின் வாயின் மென்தோல் வழியே ரத்தத்தில் கலக்கிறது. வளர்கிற மூளை சீக்கிரமே அதற்கு அடிமையாகிவிடும். பிறகு அது கிடைக்காத நாளில் எரிச்சல், பதற்றம். பாடத்தில் மனம் நிற்காது. இந்தப் பையை வைக்கும் இடத்தில் ஈறு வெளிறிச் சுருங்கி, பல்லை விட்டு இறங்கும். தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் உடனே பல் மருத்துவரிடம் காட்டுங்கள். வாய்ப் புற்றுநோய்க்கு முன்னால் இப்படியொரு திட்டு வருவதுண்டு.

உணவுப் பொருளில் புகையிலையோ நிக்கோட்டினோ சேர்க்கக் கூடாது என்கிறது 2011-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதி. அதை வைத்துத்தான் தமிழ்நாடு 2013-ல் குட்காவையும் மெல்லும் புகையிலையையும் தடைசெய்தது. ஆனால் பக்கத்து மாநிலத்தில் விற்பது இங்கே வந்துவிடுகிறது. 'பாதுகாப்பற்ற உணவு' என்று அறிவித்து நாடு முழுவதும் ஏன் தடைசெய்யக் கூடாது என்று 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கேட்டது இதனால்தான்.

பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. 18 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கும், கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள்ளும் புகையிலை விற்றால் 2003-ம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் 200 ரூபாய் வரைதான். அதுவே 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-வது பிரிவில், சிறுவருக்குப் புகையிலை கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும், 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கும்போது அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே எழுதுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பிலும் புகார் அனுப்பலாம்.

இளைஞர் நீதிச் சட்டம் குற்றவாளியாகப் பார்ப்பது கொடுத்தவரை. பிள்ளைக்கு டி.சி. கொடுத்து அனுப்பும் பள்ளி, அவனை அதே பெட்டிக்கடை வாசலில்தான் கொண்டுபோய் விடுகிறது. அவனுக்குத் தேவை சிகிச்சை. விடுபட உதவி கேட்க 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. நிக்கோட்டின் சூயிங்கத்தை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், மருத்துவர் சொல்லட்டும்.

புத்தகப் பையில் உறை கிடைத்தால் ஆத்திரத்தில் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். புகாருக்கு அதுதான் சான்று. பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு, எந்தக் கடையில் வாங்கினான் என்று பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேளுங்கள்.