கீறல் போட்டால்தான் வழுக்கும்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஆந்திரத்தில் இருக்கும் ஸ்ரீ சிட்டியில், 2016 முதல் இசுஸு தொழிற்சாலை இயங்கிவருகிறது. அங்கிருந்து வரும் டி-மேக்ஸ் வி-கிராஸ் வண்டியின் 1.9 லிட்டர் டீசல் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் துளைக்கும் 80 மில்லிமீட்டர் விட்டம். பிஸ்டன் ஒருமுறை ஏறினால் 94.4 மில்லிமீட்டர், இறங்கினாலும் அதே. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது, ஒரு நொடிக்குள் பிஸ்டன் 50 முறை ஏறி 50 முறை இறங்கிவிடுகிறது. சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர். நெரிசலில் டவுன் பஸ்கூட அவ்வளவு வேகம் போகாது.

பிஸ்டன் இப்படி ஓயாமல் உரசும் துளைச் சுவரைக் கண்ணாடிபோல மெருகேற்றத்தானே தோன்றும்? அப்படிச் செய்தால் எஞ்சின் கெட்டுவிடும். வழுவழுப்பான சுவரில் எண்ணெய் தங்காது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையமான பிஸ்டன் ரிங் அதை வழித்துக்கொண்டு போய்விடும். பிறகு இரும்பும் இரும்பும் உரசிச் சூடேறி ஒட்டிக்கொள்ளும். மெக்கானிக்குகள் ‘சீஸ் ஆயிடுச்சு’ என்பது இதைத்தான்.

அதனால் புதுத் துளையில் வேண்டுமென்றே கீறல் போடுகிறார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால், வலை பின்னியதுபோல மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடுவது தெரியும். ஹோனிங் என்ற வேலையின் தடம் இது. சாணைக்கற்கள் பொருத்திய ஒரு தலை, சுழன்றுகொண்டே மேலும் கீழும் போகிறது. போகும்போது ஒரு சாய்வு, வரும்போது எதிர்ச்சாய்வு. முதலில் சொரசொரப்பான கல் பள்ளங்களை வெட்டும். பிறகு நுண்கல் வந்து மேடுகளின் முனையை மட்டும் சீவித் தட்டையாக்கும். ரிங்குக்கு உட்கார மேடை, எண்ணெய்க்கு ஒதுங்கப் பள்ளம், இரண்டும் ஒரே சுவரில்! பள்ளத்தின் ஆழம் சில மைக்ரான்கள்தான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமனே 70 மைக்ரான் அளவுக்கு இருக்கும்.

கோடுகள் வெட்டிக்கொள்ளும் கோணத்திலும் கணக்கு உண்டு. செங்குத்தாகிவிட்டால் எண்ணெய் கீழே வடிந்துவிடும். படுத்துவிட்டால் எண்ணெய் அளவுக்கு மீறித் தேங்கி, மேலே போய் எரிந்து, சைலன்ஸரில் நீலப் புகையாக வரும்.

இஸ்ரேலின் டெக்னியான் பல்கலைக்கழகத்தில் இஸாக் எட்ஸியோன் 1990களில் இன்னொரு வழியைத் தொடங்கினார். கோட்டுக்குப் பதில் லேசரால் நுண்குழிகள். ஒரு குழி சுமார் 100 மைக்ரான் அகலம், பத்து மைக்ரானுக்குள் ஆழம். உரசும் பரப்பில் இப்படித் திட்டமிட்டு மேடுபள்ளம் அமைப்பதைப் பரப்பு நுண்வடிவாக்கம் என்று சொல்லலாம்.

குழி எண்ணெயைச் சேமிக்கிறது, தேய்ந்த துகளை விழுங்குகிறது. மூன்றாவதாக அது செய்வதுதான் எனக்கு ஆகப் பெரிய அதிசயம். ரிங் குழியைக் கடக்கையில், இடைவெளி விரியும் முனையில் எண்ணெயின் அழுத்தம் குறைகிறது. குறுகும் முனையில் கூடுகிறது. இரண்டும் சமமென்றால் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும், பயன் எதுவும் மிஞ்சாது. ஆனால் எண்ணெயின் அழுத்தம் ஓரளவுக்குக் கீழே இறங்காது. அதற்குள் குமிழி விட்டுவிடும். கூடும் பக்கத்துக்கு அந்தத் தடை கிடையாது. ஆகவே தூக்கும் விசை மிஞ்சுகிறது. மழையில் விரையும் டயர் தண்ணீர்மேல் மிதப்பதுபோல, ரிங் எண்ணெய்மேல் எழும்புகிறது.

இதற்கு வேகம் வேண்டும். உச்சியில் திசை மாறும் கணத்தில் பிஸ்டன் நின்றுவிடுகிறது, எண்ணெய்ப் படலம் மெலிகிறது. தேய்மானம் அதிகம் அங்கேதான். நெடுநாள் ஓடிய எஞ்சினைப் பிரித்து, துளையின் உச்சியில் நகத்தை ஓட்டினால் சின்னப் படி ஒன்று தட்டும். படிக்கு மேலே ரிங் தொடாத பழைய சுவர், கீழே தேய்ந்த சுவர்.

நடுப்பகுதியில் படலம் முழுசாக இருப்பதால் அங்கே குழி போடுவது சில சமயம் உராய்வைக் கூட்டிவிடும். படலம் மெலியும் திரும்பும் இடத்தில், எண்ணெயைச் சேமித்துத் தருவதற்காகப் போட்டால் போதும். பிஸ்டன் ஓடும் நீளம் முழுக்க, பரப்பில் பத்தில் ஒரு பங்கு குழியாக வேண்டுமென்றால், ஒரு சிலிண்டருக்கு மூன்று லட்சம் குழிகள் தேவை. உச்சியில் ஒரு சென்டிமீட்டர் பட்டைக்கு மட்டும் என்றால் சுமார் 32,000 குழிகளோடு வேலை முடிந்துவிடும்.