அயல்நாட்டில் படக்காட்சி



"படக்கொட்டகைப் பழக்கம் மாணவர்க்கு ஆகாது" என்று 30 ஆண்டுகளுக்கு மேல் எடுத்துரைத்தவன் நான். அத்தகைய நான், ஓய்வு பெற்றபின் பாரிஸ் மாநகரில் மகள் வீட்டில் தங்கிய ஓராண்டுக் காலமும் வாரந்தவறாமல் படம் பார்க்கச் சென்றேன் என்றால் நீங்கள் நகைக்கக்கூடும். அதன் காரணத்தையும், அதனால் அறிந்த முறையையும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

காரணம் என் பேரன். அவனுக்கு வயது ஏழு. பள்ளியிலும் பிரெஞ்சு, விளையாட்டிலும் பிரெஞ்சு. தமிழைக் கேட்டால் அவனுக்கு விளங்கும். விடையிறுக்க நா எழாது. எனக்கோ அவன் மொழியில் வணக்கமும் நன்றியும் தவிர வேறொன்றும் தெரியாது. ஒரே மேசையில் உணவருந்தியும் நாங்கள் இருவரும் அயலாராகவே இருந்தோம்.

1895 டிசம்பர் 28 அன்று லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்குப் படம் காட்டியது இந்தப் பாரிஸில்தான். அன்று படம் பேசவில்லை. ஆகவே எந்நாட்டுப் படமும் எங்கும் ஓடிற்று. இடையே வரும் எழுத்துகளை மாற்றினால் போதும். 1920களின் இறுதியில் படம் பேசத் தொடங்கியதும் மொழி என்னும் மதில் எழுந்தது. அதைக் கடக்க இரு வழிகள் கண்டனர். ஒன்று, உள்ளூர் நடிகரைக் கொண்டு குரலை மாற்றுவது. மற்றொன்று, மூலக்குரலை விட்டுவைத்துப் படத்தின் அடியில் மொழிபெயர்ப்பை எழுதுவது. குரல்மாற்றத்திற்குச் செலவு மிகுதி. ஆகையால் ஜெர்மனி, இத்தாலி போன்ற பெரிய நாடுகள் முதல் வழியையும், ஸ்வீடன், டென்மார்க் போன்ற சிறிய நாடுகள் இரண்டாம் வழியையும் பெரும்பாலும் கைக்கொண்டன.

பாரிஸில் இரண்டும் உண்டு. விளம்பரத்தில் 'வே எஃப்' என்றிருந்தால் பிரெஞ்சுக் குரல்; 'வே ஓ' என்றிருந்தால் மூலக்குரலும் பிரெஞ்சு அடியெழுத்தும். புதிய படங்கள் அங்கே புதன்கிழமையில் வெளியாகும். எனவே எனக்கும் வாரம் புதனன்றே பிறந்தது.

நான் மூன்று படிகளாகக் கற்றேன். முதற்படி, மூலக்குரலில் ஓடும் ஆங்கிலப் படம்: காதுக்கு அறிந்த ஆங்கிலம், கண்ணுக்கு அறியாத பிரெஞ்சு. அடியெழுத்து இரண்டு வரிக்கு மிகாது. சில வினாடிகளே நிற்கும். ஆதலால் பேச்சின் சாரம் மட்டுமே சிறு வாக்கியங்களாக வரும். தொடக்க மாணவனுக்கு இதனினும் நல்ல பாடநூல் ஏது? இரண்டாம் படி, செவிப்புலன் குறைந்தோர்க்கெனப் பிரெஞ்சு அடியெழுத்துடன் சிற்சில காட்சிகளில் காட்டப்படும் பிரெஞ்சுப் படம். அம்மொழியில் சொல்லின் இறுதியெழுத்துகள் பல ஒலிப்பதில்லை. கண்ணும் காதும் ஒன்றையொன்று திருத்தின. மூன்றாம் படி, எழுத்தே இல்லாத படம். பேச்சு குறைந்த படத்தில் இதைத் தொடங்குதல் நன்று. ஜாக் தாத்தியின் 1953ஆம் ஆண்டுப் படமான 'திருவாளர் ஊலோவின் விடுமுறை' எனக்கு உதவிற்று.

இலத்தீன் வட்டாரத்தில் சிறு கொட்டகைகள் சில அமைந்த தெருவுக்குச் சாம்போலியோனின் பெயர் இட்டிருக்கின்றனர். கிரேக்கமும் எகிப்திய எழுத்தும் ஒருங்கே பொறித்த கல்லைத் துணைகொண்டு, 1822இல் எகிப்தின் பழைய எழுத்தைப் படித்தறிந்த அறிஞர் அவர். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் மனப்பாடம் செய்த விதியும் அதுவே அன்றோ?

அத்தெருவில் ஒருநாள் த்ரூஃபோ 1959இல் எடுத்த 'நானூறு அடிகள்' பார்த்தேன். வகுப்பின் மூலையில் ஒரு சிறுவன் நிறுத்தப்படுகிறான். ஆசிரியர் சினந்து பேசியதில் பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்காமல் விழிப்பவனின் நிலை அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. நான் மூலையில் நிறுத்திய பிள்ளைகள் ஒவ்வொருவராக நினைவில் வந்தனர். விளக்கு எரிந்த பின்னும் சற்று நேரம் எழ மனமில்லாமல் அமர்ந்திருந்தேன்.

அன்றிரவு கதையை என் குறைப் பிரெஞ்சில் பேரனுக்குச் சொன்னேன். அவன் என் பிழைகளைத் திருத்தினான். ஆனால் ஒருமுறையும் நகைக்கவில்லை. முடிவில், "தாத்தா, மூலைக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டான். அவன் என்னிடம் கேட்டுக் கற்ற முதல் தமிழ்ச் சொல் அது. பின்னர் வாரம் ஒரு கதை, கதைக்குப் பத்துச் சொல் என்பது எங்கள் வழக்கமாயிற்று.

அயல்நாடு செல்லும் முதியோர்களே, வீட்டினுள் அடைபட்டு வருந்தாதீர்கள். வாரம் ஒருமுறை ஊராரோடு ஒரே இருளில் அமருங்கள். பொழுதுபோக்கு ஒன்றே பயனன்று. வீட்டுக் குழந்தையோடு பேசுவதற்கு ஒரு செய்தியோடு திரும்புவீர்கள்.