பத்து வெள்ளிச் சங்கமும் பேராளர் சண்டையும்

1950களின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் மலாயாத் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்க, லயத்தில் இருந்தவர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். பெரியவர்கள் இன்றும் ‘தோட்டத் துண்டாடல்’ என்று சொல்வது அதைத்தான். 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய் ஆளுக்குப் பத்து வெள்ளி கேட்டார். அந்தப் பணத்தில் சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம்.

கம்பெனியில் பங்குக்கு ஏற்ப வாக்கு. கூட்டுறவில் எத்தனை பங்கு இருந்தாலும் ஆளுக்கு ஒரே வாக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது! ஆனால் நாடெங்கும் உறுப்பினர் இருந்தால் எல்லாரையும் ஒரே மண்டபத்தில் கூட்ட முடியுமா? அதனால்தான் பெரிய சங்கங்களில் வட்டாரம்தோறும் பேராளரைத் தேர்ந்தெடுத்து ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு அனுப்புகிறார்கள். வழக்குகள் முளைக்கும் இடமும் அதுதான். கூட்டக் கடிதம் எந்த முகவரிக்குப் போனது? யாருடைய வேட்புமனு தள்ளப்பட்டது? பட்டியலில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா?

கோலசிலாங்கூர் பக்கம் இந்தக் கேள்விகளுக்குக் கனம் அதிகம். பத்தாங் பெர்ஜுந்தையை (இப்போது பெஸ்தாரி ஜெயா) ஒட்டிய தென்னமரம் தோட்டத்தில் 1917இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. ரப்பர் போய் எங்கும் செம்பனை வந்ததும் ஆள் தேவை குறைந்தது. தோட்டத்து மக்கள் தாமான்களுக்கும் பட்டணத்துக்கும் சிதறினார்கள். பழைய முகவரிக்குப் போகும் கடிதத்தை வாங்க அங்கே யார் இருக்கிறார்கள்?

நிர்வாகத்தின்மேல் மனக்குறை என்றால் எடுத்த எடுப்பில் கோர்ட்டுக்கு ஓட முடியாது. 1993 கூட்டுறவுச் சங்கச் சட்டம் தேர்தல், பொதுக்கூட்டம், நிர்வாகம் பற்றிய தகராறுகளுக்குத் தனி விசாரணை வழியை வைத்திருக்கிறது. 2008 முதல் மேற்பார்வை மலேசியக் கூட்டுறவுச் சங்க ஆணையத்திடம். இந்தக் கெடுபிடிக்குப் பின்னால் பழைய காயம் ஒன்று உண்டு: 1986இல் வைப்புத்தொகை வாங்கிய 24 கூட்டுறவுச் சங்கங்கள் முடக்கப்பட்டு, லட்சக்கணக்கானோரின் சேமிப்பு மாட்டிக்கொண்டது.

கூட்டுறவுக்கு விதி வகுக்கும் அதிகாரம் பற்றிய சண்டை இந்தியாவிலும் நடந்தது. மாநிலச் சங்கங்களின் தேர்தலுக்கும் நிர்வாகத்துக்கும் விதி வகுத்த 97ஆம் அரசமைப்புத் திருத்தம், மாநிலங்களின் ஒப்புதல் பெறவில்லை என்பதால் அந்த அளவுக்குச் செல்லாது என்று உச்சநீதிமன்றம் 2021 ஜூலையில் தீர்ப்பளித்தது.

மலேசியாவுக்குத் திரும்பினால், தோட்டத்து உறுப்பினர் முதலில் பார்க்க வேண்டியது தன் பெயரும் முகவரியும் சங்கப் பதிவேட்டில் சரியாக இருக்கின்றனவா என்பதை. அப்பா இறந்துவிட்டார் என்றால் அவருடைய பங்கு யார் பெயருக்கு மாறியது என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். இறந்தவர் வாக்கை மகன் போய்ப் போட முடியாது.